புதிதாக வந்த துணை வேட்பாளரை எடைபோடுவது எப்படி?

நான் மலேசியாவில், பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட் பாசாரில் (சந்தையில்) புட்டு மாயாம், அதாவது இடியாப்பம், விற்பவள். அரசியல் படித்தவள் இல்லை. ஆனால் கடன் நோட்டு வைத்திருக்கிறேன். யார் காசைத் திருப்பித் தருவார், யார் இழுத்தடிப்பார் என்பது முகத்தைப் பார்த்தால் தெரியாது. பழைய பக்கத்தைப் புரட்டினால் தெரியும். தலைவர் ஒருவர் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வரும் புது ஆளையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

இதை நான் பழகியது நம் நாட்டுத் தேர்தலில் இல்லை. 2020 ஆகஸ்ட் 12, விடியற்காலை நாலு மணி தாண்டியிருக்கும். அடுப்பில் முதல் தட்டு ஆவியில் இருந்தது. கோலாலம்பூரிலிருந்து தம்பி மகள் மெசேஜ் அனுப்பினாள்: "அத்தை, கமலா!" ஜோ பைடன் தனக்குத் துணை அதிபர் வேட்பாளராகக் கமலா ஹாரிஸைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

நோட்டில் ஒரு புதுப் பக்கம் எடுங்கள். மனதில் முதலில் வந்ததை அப்படியே எழுதிவிடுங்கள். நான் எழுதியது: "அம்மா சென்னை. தாத்தா ஊர் துளசேந்திரபுரம். நம்ம பிள்ளை." எட்டு நாள் கழித்து, வியாபாரம் முடிந்து பாத்திரம் கழுவிய கையோடு அவர் மாநாட்டுப் பேச்சைக் கேட்டேன். ஆங்கிலப் பேச்சுக்கு நடுவே "சித்தி" என்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அதையும் அதே பக்கத்தில் எழுதினேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பக்கத்தோடு அது நிற்க வேண்டும். கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்கு வாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை எதிலும் எழுதாதீர்கள்.

அடுத்து, அந்த வேலை என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் துணை அதிபருக்கு இரண்டு பெரிய வேலை. செனட் என்ற மேலவையில் ஓட்டு சரிபாதியாகப் பிரிந்தால் அவர் ஓட்டுதான் முடிவு. கமலா பதவியில் இருந்த நாலு வருடத்தில் 33 முறை அப்படிப் போட்டார். இன்னொன்று, அதிபர் இறந்தால் அந்த நாற்காலியில் உட்காருவது. 1945இல் ட்ரூமன் துணை அதிபராகி 82 நாள்தான் ஆகியிருந்தது, அதிபர் ரூஸ்வெல்ட் இறந்துவிட்டார். தோட்டத்துக் கணக்கில் சொன்னால், துரை (தோட்ட நிர்வாகி) இல்லாத அன்று கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், பெரட்டு (காலை ஆள் கணக்கு) எடுப்பாரா, தடுமாறுவாரா என்பதுதான் கேள்வி.

அப்புறம்தான் பழைய பக்கம். அவர் செய்த வேலைகளில் உங்கள் வாழ்க்கையைத் தொடுவது ஒன்றே ஒன்றை எடுங்கள். பத்தை எடுத்தால் எதுவும் நிற்காது. நான் எடுத்தது பள்ளிக்கூட விஷயம். சான் பிரான்சிஸ்கோவில் அரசு வழக்கறிஞராக இருந்தபோது, பிள்ளைகள் தொடர்ந்து பள்ளிக்கு வராவிட்டால் பெற்றோர் மீது வழக்குப் போடுவேன் என்று எச்சரித்தவர் அவர். அதே வழியில் கலிபோர்னியா முழுவதற்கும் ஒரு சட்டம் வந்தது, அவர் ஆதரவோடு. 2,000 டாலர் வரை அபராதம், ஒரு வருடம் வரை சிறை.

படித்ததும் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு முடியாமல் போன வாரங்களில் நானும் அம்மாவும் ரப்பர் மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பால் பொறுக்கப் போவோம். நிறுத்துக் காசு தருவார்கள். அந்த வாரம் பள்ளிக்கூடம் கிடையாது. வாத்தியார் லயத்துக்கே (தோட்டத்து வரிசை வீட்டுக்கே) வந்து வாசலில் நின்று திட்டுவார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டிருப்பார். அந்தச் சட்டம் இங்கே இருந்திருந்தால் என் அம்மாவை லாக்கப்பில் வைத்திருப்பார்கள். இப்படி எழுதிவிட்டுத் தூங்கப் போனேன். தூக்கம் வரவில்லை. என் அண்ணன் நாலாம் வகுப்போடு நின்றவர். கடைசி வரை கையெழுத்துப் போடச் சிரமப்பட்டார். அவரை யாராவது மிரட்டியாவது பள்ளிக்கு அனுப்பியிருந்தால்? காலையில் எழுந்து அதையும் எழுதினேன். சில இடங்களில் பெற்றோர் மீது வழக்குப் போனதற்கு வருந்துவதாகக் கமலாவே 2019இல் சொல்லியிருந்தார். அதையும் சேர்த்தேன். அந்தப் பக்கம் இன்னும் கேள்விக்குறியோடுதான் இருக்கிறது. கேள்விக்குறியும் ஒரு கணக்குதான், விட்டுவிடுங்கள்.

தலைவரோடு முன்பு சண்டை போட்டவரா என்றும் ஊடகங்கள் தோண்டும். 2019 ஜூன் விவாதத்தில் கமலா பைடனை நன்றாகவே வறுத்தெடுத்தார். நான் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. வரதட்சணைப் பேச்சில் கத்தியவர்கள் சம்பந்தி ஆவதில்லையா?

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே துணை வேட்பாளர் என்று யாரும் கிடையாது. ஆனால் 2022 நவம்பர் 19இல் பேராவில் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்த்து இரண்டு ஓட்டுச் சீட்டு கொடுத்தார்கள். நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடும் பெரியவரோடு லாரியில் ஏறி நிற்கும் சட்டமன்ற வேட்பாளர்தான் நம் துணை. 1974 முதல் 2008 வரை நாடாளுமன்ற உறுப்பினராகச் சாமிவேலுவையே பார்த்த ஊர் இது. பக்கத்தில் நின்றவர் யார் என்று நாங்கள் கேட்டதே இல்லை.

கேட்கும்போது ஆளறிந்து கேளுங்கள். நிலம் மாநில அரசின் கையில். கோயில் நிலம், தோட்டத்தை விட்டு வந்தவர்களின் வீட்டு மனை எல்லாம் சட்டமன்றத்துக்காரரிடம் கேட்க வேண்டியவை. தமிழ்ப்பள்ளியும் குடியுரிமையும் நாடாளுமன்றத்துக்காரர் பக்கம். கால்வாய் அடைப்பு நகராட்சி வேலை. அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நாம் ஓட்டுப் போடுவதே இல்லை.

அந்தத் தேர்தலில் ஒரு புது வேட்பாளர் கை குலுக்க என் கடைக்கு வந்தார். எங்கள் வரிசை வீடுகளுக்குப் பட்டா எப்போது என்று கேட்டேன். "எனக்குத் தெரியாது அக்கா, விசாரித்துச் சொல்கிறேன்" என்று புட்டு மாயாம் மடிக்கும் தாளிலேயே என் நம்பரை எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் போன் வந்தது. பட்டாவைப் பற்றிப் பெரிய வாக்குறுதி எதுவும் இல்லை. நில அலுவலகத்தில் எந்தக் கவுண்டரில் என்ன படிவம் கேட்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். அதை நோட்டில் எழுதியிருக்கிறேன். ஓட்டு யாருக்குப் போட்டேன் என்பதை எழுதவில்லை, அந்த நோட்டை என் வீட்டுக்காரரும் பார்ப்பார்.