டெர்மினலை மூடித் திறந்தால் போதாது

பைத்தான் பழகத் தொடங்கியவர்களுடன் உட்கார்ந்து வேலை செய்யும்போது, நான் செய்த அதே தவறுகள் அப்படியே திரும்ப வருவதைப் பார்க்கிறேன். விர்ச்சுவல் என்விரான்மென்ட்டை (ஒரு ப்ராஜெக்டுக்கென்று தனியாக வைக்கும் பைத்தானும் பேக்கேஜ்களும்) ஆக்டிவேட் செய்ய மறப்பது, வேரியபிள் பெயரில் எழுத்துப்பிழை விடுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை உடனே பிழைச் செய்தியாக வந்து நிற்கும், சரிசெய்துவிடலாம். சத்தமில்லாமல் கெடுப்பவைதான் ஆபத்து.

மதிப்பை மாற்றிவிட்டு எடிட்டரை மூடாமல் விடுவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இது. விண்டோஸ் அமைப்புகளில் ஒரு என்விரான்மென்ட் வேரியபிளை, அதாவது ப்ரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஒரு மதிப்பை, மாற்றுகிறோம். எடிட்டருக்கு வந்து, குப்பைத்தொட்டிப் பொத்தானை அழுத்தி, கட்டளைகளை அடிக்கும் டெர்மினலை மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறக்கிறோம். புது டெர்மினல்தானே, புது மதிப்பு வந்திருக்கும் என்று நினைக்கிறோம். வந்திருக்காது.

ஒரு ப்ராசஸ், அதாவது ஓடும் ப்ரோகிராம், பிறக்கும்போதே தன்னைத் தொடங்கிய தாய் ப்ராசஸிடமிருந்து வேரியபிள்களின் நகலை வாங்கிக்கொள்கிறது. பிறகு வெளியே என்ன மாறினாலும் அந்த நகல் மாறாது. எடிட்டருக்குள் திறக்கும் டெர்மினலுக்குத் தாய் அந்த எடிட்டர்தான். காலையில் திறந்த எடிட்டரிடம் இருப்பது காலை நகல். அதற்குள் பத்து டெர்மினல் திறந்தாலும் பத்திலும் காலை மதிப்புதான் இருக்கும்.

ஒருமுறை டேட்டாபேஸ் முகவரியைச் சோதனை சர்வருக்கு மாற்றிவிட்டு, டேபிளைக் காலி செய்யும் ஸ்கிரிப்டை இப்படித்தான் ஓட்டினேன். அது பழைய முகவரிக்கே போனது. குழுவினர் வேலை செய்துகொண்டிருந்த டேட்டாபேஸ் அது. பேக்கப் முந்தைய இரவோடு நின்றிருந்தது. சக ஊழியர் ஒருவர் காலையிலிருந்து உள்ளிட்ட பதிவுகளை, இருவரும் சேர்ந்து மாலைவரை மறுபடி உள்ளிட்டோம். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அதிகம் உறுத்தியது. வேரியபிளின் மதிப்பை ஒரு வரியில் அச்சிட்டுப் பார்த்திருந்தால் போதும். இப்போது அழிக்கும் வேலை எதுவானாலும், எந்த முகவரிக்குப் போகிறது என்று காட்டி, ஒப்புதல் கேட்ட பிறகே தொடரும்படி எழுதுகிறேன்.

எடிட்டரின் எல்லா ஜன்னல்களையும் மூடிவிட்டுத் திறங்கள். ஒன்று மிச்சமிருந்தாலும் பழைய ப்ராசஸ் உயிரோடுதான் இருக்கும். லினக்ஸில் இன்னொரு சிக்கல் உண்டு. பாஷ்ஆர்சி (.bashrc) கோப்பில் புதிதாகச் சேர்த்த வரி புது டெர்மினலில் வந்துவிடும், ஏனென்றால் டெர்மினலில் நம் கட்டளைகளை ஓட்டும் ஷெல், தொடங்கும்போது அந்தக் கோப்பைப் படிக்கிறது. ஆனால் நீங்கள் நீக்கிய வரியின் மதிப்பு எடிட்டரின் நகலில் ஏறியிருந்தால், அது அங்கிருந்து வந்துகொண்டே இருக்கும்.

அடைப்புக்குறிக்குள் தெரியும் பெயரை நம்புவது

ப்ராஜெக்ட் ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு ஆக்டிவேட் செய்து பாருங்கள். டெர்மினல் வரியின் தொடக்கத்தில், அடைப்புக்குறிக்குள், விர்ச்சுவல் என்விரான்மென்ட்டின் பெயர் அழகாகத் தெரியும். ஆனால் பாஷ் போன்ற ஷெல்களுக்கான ஆக்டிவேட் ஸ்கிரிப்டுக்குள் பழைய ஃபோல்டரின் முழு முகவரி எழுதப்பட்டிருக்கிறது. அந்த இடம் இப்போது இல்லை என்பதால் ஷெல் அதைத் தாண்டிப் போய், சிஸ்டத்தில் உள்ள பைத்தானை எடுத்துக்கொள்ளும். ‘விச் பைத்தான்’ (which python) கொடுத்து எந்த முகவரி வருகிறதென்று பாருங்கள். விண்டோஸின் பவர்ஷெல் என்றால் ‘கெட்-கமாண்ட் பைத்தான்’ (Get-Command python). தவறாக வந்தால், ஒட்டுப்போட முயலாமல் அந்த என்விரான்மென்ட்டை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள்.

விர்ச்சுவல் என்விரான்மென்ட் ஃபோல்டரை கிட்டில் (git, கோடின் பதிப்புகளைச் சேமிக்கும் கருவி) ஏற்றுவது

வேண்டாம்.

வெறும் ‘பிப்’ என்று அடிப்பது

பிப் (pip) என்பது பேக்கேஜ்களை நிறுவும் கருவி. ‘பைத்தான் -எம் பிப்’ (python -m pip) என்று அடியுங்கள். எந்தப் பைத்தான் ஓடுகிறதோ அதற்கே பேக்கேஜ் போய்ச் சேரும்.

டாட் என்வ் (.env) கோப்பை டெர்மினலும் படிக்கும் என்று நினைப்பது

என்விரான்மென்ட் வேரியபிள்களை எழுதிவைக்கும் கோப்பு அது. விஎஸ் கோட் எடிட்டரில், பிழை தேட உதவும் பைத்தான் டீபக்கர் அந்தக் கோப்பைப் படித்துக்கொள்ளும். டெர்மினலில் நேரடியாக ஓட்டும்போது ஷெல் அதைத் தானாகப் படிக்காது; அதற்கான அமைப்பை இயக்க வேண்டும், இல்லையென்றால் ப்ரோகிராமே படிக்கும்படி எழுத வேண்டும். டீபக்கரில் ஓடுவது டெர்மினலில் ஓடவில்லையா, சரி, கோடைத் தொடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.