600 டாலர் அனுப்பினார்கள், 580 வந்தது

தஞ்சாவூரில் வீட்டிலிருந்தபடியே மருத்துவ மொழிபெயர்ப்பு செய்கிறேன். நோயாளிகள் கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவங்களை ஓர் அமெரிக்க நிறுவனத்துக்காகத் தமிழில் எழுதிக் கொடுப்பதுதான் பெரும்பாலும் வேலை. 2024 பிப்ரவரியில் முதல் இன்வாய்ஸ் அனுப்பினேன், 600 டாலர். அப்போது சந்தையில் டாலர் 83 ரூபாய் அளவில் இருந்ததால் 49,800 ரூபாய் வரும் என்று எண்ணியிருந்தேன். பதினோரு நாள் கழித்து பாஸ்புக்கில் ஏறியது 47,180 ரூபாய் 50 காசு.

2,619 ரூபாய் 50 காசு எங்கே போனது என்று ஒரு வாரம் உட்கார்ந்து கண்டுபிடித்தேன். வெளிநாட்டு வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது இதைத்தான் என்பதால், அந்தக் கணக்கை அப்படியே தருகிறேன்.

நடுவில் இருந்த வங்கி எடுத்தது 20 டாலர், அதாவது 1,660 ரூபாய். என் வங்கி டாலருக்கு 83 தரவில்லை, 81.90 தான் தந்தது. வந்து சேர்ந்த 580 டாலருக்கு அந்த 1 ரூபாய் 10 காசு வித்தியாசம் 638 ரூபாய். வங்கியின் சேவைக் கட்டணம் 200, அதற்கு ஜி.எஸ்.டி. 36. நாணயம் மாற்றியதற்கான ஜி.எஸ்.டி. 85.50. கூட்டிப் பாருங்கள், காசு சுத்தமாகச் சரியாக வரும்.

ஜி.எஸ்.டி.யைப் பார்த்துத்தான் பலரும் பதறுகிறார்கள். வந்த பணம் முழுவதற்கும் 18 சதவீதம் பிடிப்பதில்லை. ஒரு லட்சம் ரூபாய் வரை அதில் 1 சதவீதத்தை, குறைந்தது 250 ரூபாயை, சேவையின் மதிப்பாக வைத்து அதற்கு மட்டும் 18 சதவீதம். எனவே குறைந்தபட்சம் 45 ரூபாய், ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய், அவ்வளவுதான். இதைக் குறைக்க வழியும் இல்லை. நம்மால் ஏதாவது செய்ய முடிவது மற்ற இரண்டு இடங்களில்: நடு வங்கி, மாற்று விலை.

நடு வங்கி எதற்கு? ஸ்விஃப்ட் என்பது வங்கிகளுக்கு இடையே செய்தி அனுப்பும் ஏற்பாடு மட்டும்தான், பணம் அதன் வழியாக வருவதில்லை. நம் வங்கிக்கு அமெரிக்காவில் வேறொரு பெரிய வங்கியில் டாலர் கணக்கு இருக்கும். நோஸ்ட்ரோ கணக்கு என்பார்கள். பணம் அங்கேதான் வரவாகிறது, செய்தி மட்டும் இங்கே வருகிறது. வழியில் இருக்கும் வங்கி தன் கூலியை அந்தப் பணத்திலேயே கழித்துக்கொள்ளும். அந்தக் கூலி யார் தலையில் என்பதை அனுப்புகிறவர் படிவத்தில் மூன்றெழுத்தில் குறிப்பிடுகிறார். 'ஓ.யு.ஆர்.' என்றால் முழுவதும் அவர் செலவு. 'எஸ்.எச்.ஏ.' என்றால் அவர் வங்கியின் கட்டணம் அவருக்கு, மற்றதெல்லாம் நமக்கு. 'பி.இ.என்.' என்றால் எல்லாமே நமக்கு. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் எஸ்.எச்.ஏ. தான் போகும். என் முதல் பணமும் அப்படித்தான் வந்தது.

இதை வேலை முடிந்தபிறகு கேட்டால் எந்தக் கம்பெனியும் காது கொடுக்காது. கூலி பேசும்போதே, "கட்டணம் ஓ.யு.ஆர்., இன்வாய்ஸ் தொகை முழுசாக வர வேண்டும்" என்று மின்னஞ்சலில் ஒரு வரி எழுதிவிடுங்கள். மறுத்தால் பல வேலைகளின் தொகையைச் சேர்த்து ஒரே முறையாக வாங்குங்கள். 300 டாலர் வந்தாலும் 3,000 வந்தாலும் நடு வங்கி எடுப்பது அநேகமாக ஒரே அளவுதான். நான் இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் இன்வாய்ஸ் போடுகிறேன். புதிய கம்பெனி என்றால் மட்டும் முதல் பணத்தைச் சின்னதாக, சீக்கிரமாக வாங்கிப் பார்த்துவிடுவேன்.

தொகை பெரிதாகும்போது மாற்று விலைதான் பெரிய ஓட்டை. வங்கிகள் தினமும் காலையில் ஒரு விலைப் பட்டியல் போடும். அதில் நீங்கள் பார்க்க வேண்டியது 'டி.டி. பையிங் ரேட்'. டி.டி. என்றதும் டிமாண்ட் டிராஃப்ட் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், இது டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர், அதாவது வங்கி வழியாக வரும் நம் டாலரை வங்கி வாங்கும் விலை. கூகுளில் தெரியும் விலை வங்கியில் நமக்குக் கிடைக்காது; அதற்கும் இந்த விலைக்கும் உள்ள இடைவெளிதான் வங்கியின் லாபம். பெரிய தொகை என்றால் ரூபாயாக மாற்றுவதற்கு முன்பே கூப்பிட்டுப் பேசலாம். ஒரு முறை 2,000 டாலர் வந்தபோது கேட்டேன், 40 காசு கூட்டித் தந்தார்கள். ஒரு போன் காலில் 800 ரூபாய்.

சரி, அந்தப் பதினோரு நாள் எப்படி ஆனது? ஒன்பது நாள் என் பணம் என் வங்கியிலேயே கிடந்திருக்கிறது. கிளைக்கு இரண்டு முறை போனேன். "மேடம், எங்க சிஸ்டத்துல ஒண்ணும் காட்டலையே" என்றார் கவுன்டரில் இருந்தவர். அவர் சொன்னது உண்மைதான். சிறிய கிளைகளுக்கு அன்னியச் செலாவணி வேலை கிடையாது. அது வேறு ஊரில் உள்ள ஃபாரக்ஸ் பிரிவுக்குப் போகும். எதற்கான பணம் என்று கேட்டு அவர்கள் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள், அது ஸ்பேமில் கிடந்தது. இப்போது யாருக்கும் நான் சொல்லும் முதல் வேலை இதுதான்: கிளையில் அந்த ஃபாரக்ஸ் பிரிவின் மின்னஞ்சல் முகவரியை எழுதி வாங்குங்கள். பணம் கிளம்பியதும் இன்வாய்ஸையும், எதற்கான பணம் என்று காட்டும் குறியீடான பர்ப்பஸ் கோடையும் நீங்களே முந்தி அனுப்பிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பணம் ஒவ்வொன்றுக்கும் ரிசர்வ் வங்கி வகுத்த குறியீடு உண்டு. மென்பொருள் ஆலோசனைக்கு பி0802, வெளிநாட்டில் இருக்கும் நம்மவர் குடும்பச் செலவுக்கு அனுப்பினால் பி1301. உங்கள் வேலைக்கு எது என்று ஒரு முறை கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும். சம்பாத்தியத்தைக் குடும்பச் செலவு என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். பின்னால் வரிக்கணக்கில் இடிக்கும்.

அடுத்த தாமதம் நம் இனிஷியலால் வருவது. என் பாஸ்புக்கில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து. பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கிறது. கம்பெனியின் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் காட்டியது. கடைசிப் பெயர் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டேன். படிவத்தில் போட்ட பெயரும் கணக்கின் பெயரும் பொருந்தவில்லை என்று வங்கி பணத்தை நிறுத்திவைத்தது. கிளையில் பான் நகலோடு விண்ணப்பம் கொடுத்து, கணக்கின் பெயரை பான் கார்டில் உள்ளபடி மாற்றிக்கொண்டேன். அதன்பிறகு பெயரால் ஒரு முறைகூட நிற்கவில்லை. அப்பா பெயரைக் குடும்பப் பெயராக வைத்து வாழாத நாம், இந்த ஒரு வேலையை முதல் இன்வாய்ஸுக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

வெளிநாட்டுப் படிவத்தில் ஐ.பி.ஏ.என். கேட்பார்கள். பல நாடுகளில் வங்கிக் கணக்கைக் குறிக்கும் நீளமான எண் அது, இந்தியாவில் கிடையாது. அதற்குப் பதில் நாம் கொடுப்பது கணக்கு எண், கூடவே நம் வங்கியைக் குறிக்கும் ஸ்விஃப்ட் கோடு. ஸ்விஃப்ட் கோடு 8 அல்லது 11 எழுத்து, ஐந்தாவது ஆறாவது இடத்தில் இந்தியாவைக் குறிக்கும் ஐ, என் இருக்கும். ஐ.எஃப்.எஸ்.சி. வேறு, அது உள்நாட்டுக்கு. உங்கள் கிளைக்குத் தனி ஸ்விஃப்ட் கோடு இல்லாவிட்டால் எதைக் கொடுப்பது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

பணம் வரவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம், அனுப்பியவரிடம் ஸ்விஃப்ட் காப்பி, அதாவது அவர் வங்கி அனுப்பிய செய்தியின் நகல், கேளுங்கள். எனக்கு வந்த தாளில் 33பி என்ற வரியில் அனுப்பிய தொகை 600, 71எஃப் வரியில் கழித்த கட்டணம் 20, 32ஏ வரியில் மிச்சம் 580 என்று இருந்தது. கழித்தது நடுவழியில்தான் என்பதற்கு அதுவே அத்தாட்சி. 2025 நவம்பரில் வங்கிகள் புதிய செய்தி வடிவத்துக்கு முழுசாக மாறியதால் வரிகளின் பெயர் மாறியிருக்கலாம், தேட வேண்டியவை இவைதான். அதே தாளில் யு.இ.டி.ஆர். என்று 36 எழுத்துள்ள நீளமான எண் இருக்கும். அதைக் கொடுத்தால் பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று இரு பக்க வங்கியும் பார்க்க முடியும். நாள் எண்ணும்போது விடுமுறையையும் சேர்த்து எண்ணுங்கள். நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அங்கே வெள்ளிக்கிழமை கிளம்பி, இங்கே இரண்டாவது அல்லது நான்காவது சனிக்கிழமை குறுக்கிட்டால் திங்கள்தான்.

வளைகுடாவில் இருக்கும் அண்ணன் தம்பி வீட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு இந்தச் சுற்று தேவையில்லை. அங்குள்ள எக்ஸ்சேஞ்ச் ஹவுஸ் வழியாக ரூபாயாகவே வந்துவிடும், விலையும் கட்டணமும் அங்கேயே தெரிந்துவிடும். நாலு காசு கூடக் கிடைக்கிறது என்று வங்கி வழியில்லாத ஹவாலா உண்டியலில் அனுப்பச் சொல்லாதீர்கள். அது சட்ட விரோதம், பணம் வராமல் போனால் யாரிடமும் கேட்க முடியாது.

வங்கியில் புகார் கொடுக்கும்போது எழுத்தில் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே, செலவில்லாமல் புகார் செய்யலாம். அப்புறம், ஒவ்வொரு பணத்துக்கும் வங்கியிடம் எஃப்.ஐ.ஆர்.ஏ. என்ற வரவு அறிவிப்பைக் கேட்டு வாங்கி, அந்த இன்வாய்ஸோடு சேர்த்து ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். வரிக்கணக்கு காட்டும்போது ஆடிட்டர் முதலில் கேட்பது அதைத்தான்.