மகளின் தோளுக்கு ஏற்ற ரைஃபிள்: லிம்போபோ வேட்டைக்குத் தயாரானது எப்படி

தென்னாப்பிரிக்காவின் லிம்போபோவுக்கு வேட்டைக்குப் போவதென்று முடிவானதும், நான் முதலில் விலை கேட்டது .300 வின்செஸ்டர் மேக்னம் ரைஃபிளுக்கு. டெக்சாஸில் பதினோரு வருடமாக மான் வேட்டைக்குப் போகிறவன் நான். ஆனாலும் ஆப்பிரிக்கா என்றதும் பெரிய துப்பாக்கி வேண்டும் என்று மனசு அடம்பிடித்தது. கூட வரப்போகிறவள் 13 வயது மகள், எடை 41 கிலோ. அந்தக் கணக்கைக் கடைசியில்தான் போட்டேன். நீங்கள் அதிலிருந்தே ஆரம்பியுங்கள்.

வீட்டிலிருந்த .30-06 ரைஃபிளை ஒரு சனிக்கிழமை அவளிடம் கொடுத்தேன். மூன்று முறை சுட்டாள். நான்காவதாக, அவளுக்குத் தெரியாமல் மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றை வைத்தேன். ட்ரிகரை இழுத்தாள், வெடிக்கவில்லை, ஆனால் குழல் நாலு விரற்கடை கீழே போனது. கண் இரண்டும் இறுக மூடியிருந்தது. சுட்டதும் ரைஃபிள் தோளில் உதைக்குமே என்ற இந்தப் பயம் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. உதையே தெரியாத சின்ன .22 ரைஃபிளில் இரண்டு மாதம் சுட வைத்துத்தான் போக்கினேன். அவசரம் என்னுடையது, அவதி அவளுடையது.

உதையை எண்ணில் சொன்னால் புரியும். எட்டு பவுண்டுக்கு முன்னே பின்னே எடையுள்ள ரைஃபிளில் .300 மேக்னம் சுமார் 26 ஃபுட்-பவுண்ட் (உதையின் ஆற்றலை அளக்கும் அலகு) உதைக்கும்; .30-06 சுமார் 20; 7எம்எம்-08 ரெமிங்டன் 12, 13; .243 வின்செஸ்டர் 9 அளவில்தான். அப்படியானால் .243 எடுத்துவிடலாமே என்று தோன்றும். இம்பாலா, ஸ்பிரிங்பாக் போன்ற சிறிய மான்களுக்கு அது தாராளம். குடூ, வைல்டபீஸ்ட் போன்ற பெரிய மிருகங்கள் பட்டியலில் இருந்தால், கொஞ்சம் தவறினாலும் ஈடுகொடுக்க அதில் தெம்பு போதாது. நான் 7எம்எம்-08 எடுத்தேன். .308 வின்செஸ்டர் தோட்டாவின் பித்தளைக் கூட்டைக் கழுத்தில் குறுக்கி ரெமிங்டன் 1980-இல் கொண்டுவந்த தோட்டா இது. பழைய 7x57 மவுசர் தோட்டாவுக்கு இணையான வலு. அந்த மவுசரை வைத்து பெல் என்ற வேட்டைக்காரர் யானைகளையே சாய்த்தார் என்பார்கள். உண்மைதான், ஆனால் அவர் உங்கள் மகளுக்கும் எனக்கும் உதாரணமில்லை.

ஆளுக்கொரு துப்பாக்கி வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் 21 வயதுக்குக் கீழே இருப்பவர் பெயரில் தற்காலிக இறக்குமதி அனுமதி கிடைக்காது. இரண்டு கொண்டுபோனால் இரண்டும் உங்கள் பெயரில்தான். ஒருவர் ஒரே காலிபரில் (குழல், தோட்டா அளவில்) இரண்டு கொண்டுபோகவும் விடமாட்டார்கள். அப்போது 7எம்எம்-08 ஒன்று, .308 ஒன்று என்று எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். இரண்டு தோட்டாவும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்; அதிகாலை இருட்டில், குளிரில் விறைத்த விரலால் எடுத்து மாற்றிப் போட்டால் ஆபத்து. ஒரே ரைஃபிள், முறை வைத்துச் சுடுவது. எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அந்த ஒன்றின் அளவு பிள்ளைக்குப் பொருந்த வேண்டும். பெரியவர்களுக்கான ரைஃபிளில், தோளில் பதியும் பின்கட்டை ட்ரிகரிலிருந்து பின்முனை வரை 13.5 அங்குலம் இருக்கும். என் மகளுக்கு 12.5 சரியாக இருந்தது. குட்டைக் கட்டையில் நான் சமாளித்துக்கொள்வேன். நீளக் கட்டையில் அவளால் முடியாது. ஸ்கோப்பையும் அவள் கண்ணுக்கு ஏற்ற தூரத்தில் மாட்டிவிட்டு நான் பழகிக்கொண்டேன். நெற்றியில் ஸ்கோப் இடித்த தழும்பு எனக்கு ஏற்கெனவே ஒன்று உண்டு, அவளுக்கு வேண்டாம். உதையைக் குறைக்கக் குழல்முனையில், வெடிப்புக் காற்றைப் பக்கவாட்டில் திருப்பும் பிரேக் மாட்டுவதும் உண்டு. அதன் இரைச்சல் பக்கத்தில் நிற்கும் தடம்பார்ப்பவரின் காதைப் பதம் பார்த்துவிடும். அந்த ஊரில் சைலன்சர் சகஜம். அது உதையையும் குறைக்கும்.

இனி குண்டு, அதாவது தோட்டாவிலிருந்து பறந்துபோய்த் தைக்கும் முனை. துப்பாக்கியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் குண்டை ஐந்து நிமிடத்தில் வாங்கிவிடுகிறார்கள். ஒரே நாளில் 55 கிலோ இம்பாலாவும் வரும், 250 கிலோ நீல வைல்டபீஸ்ட்டும் வரும். எது முதலில் நிற்கும் என்று தெரியாததால், குண்டு பெரியதற்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். மெல்லிய உறையுடைய, சட்டென்று விரியும் மான் குண்டு வைல்டபீஸ்ட்டின் தோளெலும்பில் பட்டால் உள்ளே போகாமல் சிதறிவிடலாம். 1948-இல் வந்த நோஸ்லர் பார்டிஷன் என்ற குண்டில் நடுவே ஒரு தடுப்பு உண்டு: முன்பாதி விரியும், பின்பாதி கலையாமல் ஊடுருவும். பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ் முழுக்கச் செம்பு. இறைச்சியில் ஈயத்தூள் கலக்காது. இரண்டையும் 140 கிரெயின் (சுமார் 9 கிராம்) எடையில் வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். எங்கள் குழலுக்குப் பார்டிஷன் பிடித்தது, 100 கெஜத்தில் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தது. பிடித்ததை மட்டும் கொண்டுபோங்கள். ஈலண்ட் என்ற மிகப் பெரிய மான்மேல் ஆசை இருந்தால் வழிகாட்டியிடம் பெரிய துப்பாக்கி இரவல் கேளுங்கள்.

மேசையில் சாய்ந்து சுட்டுப் பழகியது அங்கே உதவாது. மூன்று குச்சிகளைக் கட்டிய தாங்கியில் துப்பாக்கியை வைத்து, நின்றுகொண்டே சுட வேண்டும். பிள்ளையை வாரம் இருபது தடவை அதில் சுட வையுங்கள், பெரும்பாலும் .22-இல். இன்னொன்று: அமெரிக்க மானைவிட அங்குள்ள மிருகங்களுக்கு இதயம் கீழேயும் முன்னேயும் இருக்கிறது. பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் நேர்க்கோட்டில் ஏறி, உடம்பின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வைக்க வேண்டும். தோளுக்குப் பின்னால் சுடும் டெக்சாஸ் பழக்கத்தை விட எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. மிருகம் காயப்பட்டுத் தப்பிப்போனாலும் அதற்கான முழுக் கட்டணம் கட்ட வேண்டும்.

காகித வேலை: கிளம்பும் முன் அமெரிக்கச் சுங்கத்தில் 4457 படிவம், தென்னாப்பிரிக்கக் காவல்துறையின் 520 படிவம், கேட்டால் காட்டப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கூட வராத பெற்றோரின் சம்மதக் கடிதம். துப்பாக்கி பூட்டிய பெட்டியில். தோட்டாவுக்கு விமானத்தில் 5 கிலோ வரம்பு, நெருங்கக்கூட மாட்டீர்கள்.

நாங்கள் கொண்டுபோனது 60 தோட்டா. போனதும் ஸ்கோப்பைச் சரிபார்க்க 6. அவளுடைய இம்பாலாவுக்கு 1, காட்டுப்பன்றிக்கு 1. என் குடூவுக்கு 1, வைல்டபீஸ்ட்டுக்கு 3. அதில் முதலாவது பழைய டெக்சாஸ் பழக்கம். மீதி 48.