பாலை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: கிராமும் மில்லிலிட்டரும்

பாலின் எடையைக் கொள்ளளவாகவோ, கொள்ளளவை எடையாகவோ மாற்றும்போது பலர் கவலைப்படுவது ஓரிடத்தில், கோட்டை விடுவது வேறிடத்தில். அறை வெப்பநிலையில் ஒரு மில்லிலிட்டர் பால் ஏறத்தாழ 1.03 கிராம் எடை இருக்கும். எனவே 500 மில்லி பால் 515 கிராம். அதைத் தண்ணீராகவே பாவித்து 500 கிராம் நிறுத்து ஊற்றினால் குறைவது ஒரு மேசைக்கரண்டிப் பால்தான். அடுப்பில் கொதிக்க வைத்து இறக்கும் பண்டத்துக்கு இது ஒரு பொருட்டே அல்ல. கேக் மாவைப் பெரிய அளவில் கலக்கும்போது மட்டும் கணக்குப் பார்ப்பது நல்லது. அப்போதும் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டால், 515 கிராமுக்குப் பதில் 485 கிராம் வந்து பிழை இரட்டிப்பாகும். மில்லியிலிருந்து கிராமுக்குப் போகும்போது எண் கூட வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

உண்மையான குழப்பம் அவுன்ஸில் இருக்கிறது. எடை அவுன்ஸ் 28.35 கிராம், அமெரிக்கத் திரவ அவுன்ஸ் 29.57 மில்லி. குறிப்பில் 8 அவுன்ஸ் பால் என்று மட்டும் இருந்தால் அது 227 கிராமாகவும் இருக்கலாம், 244 கிராமாகவும் இருக்கலாம். பைன்ட் இன்னும் மோசம்: அமெரிக்காவில் 473 மில்லி, பிரிட்டனில் 568 மில்லி. கப் என்பதும் அமெரிக்காவில் 237 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. ஆகவே, குறிப்பு எந்த நாட்டில் எழுதப்பட்டது என்று பார்க்காமல் 1.03 என்னும் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு துல்லியம் தேடுவதில் பொருளில்லை.

பாலுக்குரிய இந்த எண்ணை அதன் உறவுகளுக்கெல்லாம் பொருத்துவதுதான், என் பார்வையில், எல்லாவற்றிலும் பெரிய தவறு. சர்க்கரை சேர்த்த கண்டென்ஸ்டு மில்க் ஒரு மில்லிக்கு ஏறத்தாழ 1.3 கிராம் எடை கொண்டது. குறிப்பில் 400 கிராம் என்றிருப்பதை 400 மில்லி எனக் கொண்டு அளவுக் கோப்பையில் ஊற்றினால் 520 கிராம் சேர்ந்துவிடும். பண்டம் திகட்டுவதற்கு அதுவே போதும். கெட்டியாகத் தெரிவதால் கிரீம் கனமானது என்று நினைப்பதும் தவறு. கொழுப்பு தண்ணீரைவிட லேசானது என்பதால், கொழுப்பு மிகுந்த கிரீம் அதே அளவு பாலைவிடச் சற்றுக் குறைவாகவே எடை காட்டும். கொழுப்பு நீக்கிய பாலோ சற்றுக் கூடுதலாகக் காட்டும். பால் பவுடரைக் கரண்டியால் அளப்பதை அடியோடு விட்டுவிடலாம், ஏனெனில் தளர்வாக அள்ளியதும் தட்டி அமுக்கியதும் ஒரே எடை இராது. 100 கிராம் பவுடரை 900 மில்லி தண்ணீரில் கரைத்தால் கிடைப்பது ஒரு கிலோ பால். ஒரு லிட்டருக்குச் சுமார் 30 மில்லி குறையும்.

கருவிகளையும் கவனிக்க வேண்டும். மின்னணுத் தராசில் மில்லி என்னும் பொத்தான் இருந்தாலும், அது தண்ணீருக்கான கணக்கா, பாலுக்கான கணக்கா என்று அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளவும். கோப்பையில் அளக்கும்போது நுரை அடங்கிய பிறகு, கண் மட்டத்தில் வைத்துக் கோட்டைப் பார்க்க வேண்டும். பாலைச் சுண்டக் காய்ச்சுவதாயின், வெறும் பாத்திரத்தின் எடையை முதலிலேயே குறித்துக்கொள்ளவும். சூடான பாலைக் கோப்பைக்கு மாற்றாமலே, எவ்வளவு சுண்டியது என்பதைப் பாத்திரத்தோடு நிறுத்துக் கண்டுகொள்ளலாம்.