‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு காலை. மும்பை சயானில் நான் வேலை பார்க்கும் ஆங்கிலப் பயிற்சி மையத்தில் 14 மாணவர்கள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியர் வரவில்லை. முந்தின நாள் மாலை எங்கள் பொறுப்பாளர் அவருக்குத் தொலைபேசியில் பேசியிருந்தார். பொறுப்பாளர் இங்கிலாந்திலிருந்து ஓராண்டுக்கு வந்திருந்தவர். ‘நாளை நீங்கள் வரவில்லையா?’ என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். பாட்னாவைச் சேர்ந்த எங்கள் ஆசிரியர் ‘யெஸ்’ என்று பதில் சொல்லியிருக்கிறார். ஆமாம், வரவில்லை என்று அதற்குப் பொருள். தமிழிலும் இந்தியிலும் அப்படித்தான். கேட்டவர் சொன்னது சரி என்றால் ‘ஆமாம்’. ஆங்கிலக் காதுக்கோ அந்த ‘யெஸ்’, வருகிறேன் என்று கேட்கும்.

அன்று அந்த வகுப்பை நான் எடுத்தேன். இப்போது அந்தப் பொறுப்பே என்னிடம் இருக்கிறது. எனக்குக் கீழ் பதினோரு ஆசிரியர்கள். மராத்தி, குஜராத்தி, மலையாளம், இந்தி, தமிழ் என்று வீட்டு மொழிகள் ஐந்து. தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை படித்து, அதன் பிறகு ஆங்கிலத்துக்குள் தள்ளப்பட்டவள் நான். பேசத் தெரியாமல் நிற்பவரின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பதை நான் அறிவேன். இப்படிப்பட்ட ஓர் அறையைப் புதிதாக ஏற்று நடத்தப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் எதிர்மறைக் கேள்வியை அடியோடு விட்டுவிடுங்கள். ‘வர மாட்டீர்களா?’, ‘உங்களுக்குச் சிரமம் இல்லையே?’ இரண்டும் வேண்டாம். ‘ஞாயிறு காலை பத்து மணி வகுப்பை யார் எடுக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். பதிலாக ஒரு பெயர் வர வேண்டும்.

அடுத்தது, தலைப்பில் சொன்னது. ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி பெற்ற எவருக்கும் தொடக்கத்திலேயே சொல்லித் தருவார்கள்: மாணவரிடம் ‘புரிந்ததா?’ என்று கேட்காதே, புரிந்ததைக் காட்டும்படியான கேள்வியைக் கேள். ‘ஐ யூஸ்ட் டு லிவ் இன் குர்லா’ (முன்பு குர்லாவில் வசித்து வந்தேன்) என்று பலகையில் எழுதுகிறோம். புரிந்ததா என்றால் வகுப்பே தலையாட்டும். ‘நான் இப்போது குர்லாவில் இருக்கிறேனா? அங்கே இருந்தது ஒரு நாளா, பல நாட்களா?’ என்று கேட்டால்தான் யாருக்குப் பிடிபட்டது, யாருக்கு நழுவியது என்று தெரியும்.

இதை வகுப்பில் தவறாமல் செய்யும் நாமே, ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் மறந்துவிடுகிறோம். புதிய வருகைப் பதிவேட்டை அரை மணி நேரம் விளக்கிவிட்டு, ‘எல்லாருக்கும் புரிந்ததா?’ என்று முடிக்கிறோம். மேலதிகாரியிடம் ‘புரியவில்லை’ என்று சொல்வது, ‘நீங்கள் சரியாகச் சொல்லவில்லை’ என்று சொல்வதுபோல ஆகிவிடுமே என்று பலருக்கும் தயக்கம். எனக்கும் அது இருந்தது. அதனால் வகுப்பறைக் கேள்வியையே அங்கேயும் கேட்கிறேன். தாமதமாக வந்த மாணவருக்கு என்ன குறி போடுவீர்கள்? மூன்று நாள் வராதவரைப் பற்றி யாரிடம் சொல்வீர்கள்? ஏடு என் மேசைக்கு எந்தக் கிழமை வரும்? இரண்டு நிமிட வேலை. யாரையும் சோதிப்பதுபோல இருக்கக் கூடாது என்பதால் முதல் கேள்விக்கு நானே பதில் சொல்லித் தொடங்கிவைப்பேன்.

மேலாளர்களுக்கான பயிற்சிகளில் ஹோஃப்ஸ்டீட் என்ற டச்சு ஆய்வாளரின் அளவுகோலைக் காட்டுவார்கள். ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கணக்கெடுப்பிலிருந்து பிறந்தது அது. அதிகாரத்தில் உள்ளவரிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பதில் இந்தியாவுக்கு 77, பிரிட்டனுக்கு 35. அந்த இங்கிலாந்துக்காரரைப் புரிந்துகொள்ள இது எனக்குக் கொஞ்சம் உதவியது. ஆனால் சாத்தாராவிலிருந்து வந்தவருக்கும் திருச்சூரிலிருந்து வந்தவருக்கும் பாட்னாவிலிருந்து வந்தவருக்கும் ஒரே 77ஐ வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? என் அறையில் உரசல்கள் பிறப்பது இதைவிடச் சின்னச் சின்னச் சொற்களில்தான்.

‘வீ’ என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் நாம் வேறு, நாங்கள் வேறு. மலையாளத்திலும் அப்படியே. மராத்தியில் ஆபண், ஆம்ஹீ; குஜராத்தியில் ஆபணே, அமே. கேட்பவரும் அதில் சேர்த்தியா இல்லையா என்பது இந்த மொழிகளில் சொல்லிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே ‘வீ’. அந்தப் பொறுப்பாளர் ஒருமுறை, ‘விடைத்தாள்களை நாம் ஒழுங்கு செய்யலாமே’ என்ற பொருளில் மென்மையாகச் சொன்னார். நீங்கள் செய்யுங்கள் என்பதை அவர் ஊரில் அப்படித்தான் பணிவாகச் சொல்வார்களாம். எங்கள் ஆசிரியைகள் இருவர் அதை ‘நாம்’ என்றே எடுத்துக்கொண்டு, அவரும் வந்து கூட உட்காருவார் என்று இரண்டு வாரம் காத்திருந்தார்கள். அவரோ, சொன்ன வேலையைச் செய்யவில்லையே என்று மனம் நொந்தார். நான் இப்போது எழுதும் எந்தக் குறிப்பிலும் ‘வீ’ கிடையாது. செய்ய வேண்டியவரின் பெயரும் நாளும்தான்.

மும்பைக்கு மட்டுமே உரிய ஒன்றும் உண்டு. மராத்தியில் ‘நீங்கள்’ என்பதற்கான ‘தும்ஹீ’ மரியாதைச் சொல். அந்தப் பழக்கத்தில் மராத்திக்காரர்கள் இந்தி பேசும்போது ‘தும்’ என்பார்கள். ஊரே அப்படிப் பேசுகிறது. பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவருக்கோ ‘ஆப்’ என்றால்தான் மரியாதை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, தன்னைவிட வயதில் இளைய ஒருவர் ‘தும்’ என்றால் முகம் சுருங்கிவிடும். யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். புதியவர் சேரும் அன்றே தேநீர் வாங்கிக் கொடுத்து இதை நானே விளக்கிவிடுகிறேன். அதேபோல, வெளிநாட்டு ஆசிரியர் தன்னைப் பெயர் சொல்லி அழையுங்கள் என்று மாணவர்களை வற்புறுத்தினால் தடுத்துவிடுங்கள். அவர்கள் பெயரோடு ‘சார்’ சேர்த்துத்தான் அழைப்பார்கள். அப்படியே விட்டுவிடலாம்.

வகுப்பைப் பார்வையிட்டுக் கருத்துச் சொல்வதில் நான் ஒருமுறை பெரிய தவறு செய்தேன். சாத்தாரா ஆசிரியையின் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, அவர் எவ்வளவு நேரம் பேசினார், மாணவர்கள் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று நிமிடக் கணக்கு எழுதினேன். மணி அடித்ததும் ஆசிரியர் அறையிலேயே, மற்றவர்கள் இருக்கும்போதே, ‘நீங்கள் அதிகம் பேசுகிறீர்கள்’ என்றேன். அவர் கையில் இருந்த டஸ்டரைத் துணி போல மடிக்கப் பார்த்தார். அது மரக்கட்டை, மடியவில்லை. ‘ஓகே மேடம்’ என்றார். அதன் பிறகு ஒரு மாதம் என் கண்ணைப் பார்த்து அவர் பேசவில்லை.

இப்போது செய்வது இது. பார்வையிடுவதற்கு முன்பே, ‘எதைப் பார்க்கட்டும்?’ என்று அவரிடம் கேட்டு அதை மட்டும் பார்க்கிறேன். பிறகு வெற்று வகுப்பறையில் எதிரெதிராக அல்லாமல், ஒரே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் அவரைப் பேசவிடுகிறேன். அவருக்கு மராத்தி எளிது என்றால் மராத்தியில். ஆங்கில ஆசிரியர் ஆங்கிலத்தில்தான் கருத்துக் கேட்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. ‘அடுத்த முறை ஒன்றை மாற்றுவதென்றால் எதை மாற்றுவீர்கள்?’ என்றால், நான் குறித்து வைத்திருப்பதை அநேகமாக அவரே சொல்லிவிடுவார்.

உச்சரிப்பைக் கேலி செய்வதை ஒரு நாளும் அனுமதிக்காதீர்கள். இந்திக்காரரின் ‘இஸ்கூல்’, மலையாளியின் ‘கோளேஜ்’ ஆகியவற்றுக்கு ஆசிரியர் அறையில் சிரிப்பு கிளம்பினால், அது மறுநாளே வகுப்புக்குள் போய்விடும். தமிழ்ப் பிள்ளைகளின் சிக்கல் எனக்கு நேரடியாகத் தெரியும்: க என்ற ஒரே எழுத்தை இரண்டு ஒலிக்கும் வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். பையைச் (bag) சொல்கிறோமா, முதுகைச் (back) சொல்கிறோமா என்று கேட்பவருக்குத் தெரியாது. மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி, பெரும்பாலும் எல்லாருக்கும் தேவநாகரி தெரியும். க வரிசையில் நான்கு எழுத்தையும் ப வரிசையில் நான்கு எழுத்தையும் பலகையில் எழுதி, ஆங்கிலச் சொல்லின் கடைசி ஒலி இதில் எது என்று தொட்டுக்காட்டச் சொல்வேன். மராத்திப் பாடத்தில் படித்தது அங்கே கைகொடுக்கும்.

கடைசியாக விடுமுறை. தீபாவளிக்கு மையத்தை மூடினால் எல்லாரும் மகிழ்வார்கள் என்று எண்ணாதீர்கள். கொங்கண் ஊர்க்காரருக்குக் கணபதிதான் ஊருக்குப் போகும் நேரம். மலையாளிக்கு ஓணம், நமக்குப் பொங்கல். பீகார்க்காரருக்குத் தீபாவளியைவிட, அதற்கு ஆறாம் நாள் வரும் சத் பூஜை முக்கியம். ஜூன் மாதமே அறையில் பெரிய நாட்காட்டி ஒன்றை மாட்டி, அவரவர் நாளை அவரவர் கையால் குறிக்கச் சொல்லுங்கள். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. விழாக்கால வண்டிகளில் காலை எட்டு மணிக்குத் திறந்த சில நிமிடங்களில் இடம் தீர்ந்துவிடும். ஆகவே உங்கள் ஒப்புதல் அதற்கு முன்பே அவர் கையில் இருக்க வேண்டும். இந்த முறை பாட்னாக்காரருக்கு எழுபது நாட்களுக்கு முன்பே கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். இரண்டு கீழ் பெர்த் கிடைத்ததாம். அம்மாவையும் அழைத்துக்கொண்டு போகிறார்.