ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6: சில்வர் ரேங்கைத் தாண்ட ஒரு பயிற்சி முறை

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 சண்டை வீடியோ கேமில் காம்போ (அடுத்தடுத்து விழும் அடிகள்) போடத் தெரிகிறது, ஹடோக்கென் (கையிலிருந்து பாயும் ஆற்றல் பந்து) கை தவறாமல் வருகிறது, ஆனாலும் ரேங்க் சில்வரிலேயே நிற்கிறது. இந்த நிலையில் பலரும் யூடியூபில் இன்னும் நீளமான காம்போவைத் தேடுகிறார்கள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எதிராளி குதித்து வரும்போது அடிக்காமல் விடுவதும், அவர் அடி தவறி மாட்டிக்கொண்ட நேரத்தில் சும்மா நிற்பதும்தான் இந்த ரேங்கில் ஆட்டத்தைப் பறிகொடுக்க வைக்கின்றன. இரண்டையுமே டிரெய்னிங் மோடில் சரிசெய்யலாம்.

உதாரணங்களை ரியூ என்ற கேரக்டரை வைத்துச் சொல்கிறேன். கிளாசிக் (அடிகளை முழு இன்புட்டில் போடுவது), மாடர்ன் (எளிய பட்டன் முறை) எந்தக் கன்ட்ரோலானாலும் பரவாயில்லை. கேரக்டரை மட்டும் அடிக்கடி மாற்றாதீர்கள்.

படி 1: குதிப்பவரை வீழ்த்துங்கள்

ஆட்டம் நொடிக்கு 60 ஃப்ரேம் (திரையில் மாறும் படங்கள்) வேகத்தில் ஓடுகிறது. ஒரு முன்ஜம்ப் கிளம்பி இறங்கி முடிய ஏறக்குறைய 45 ஃப்ரேம், அதாவது முக்கால் நொடி ஆகும். பார்த்து அடிக்க இது தாராளம். பிறகு ஏன் விட்டுவிடுகிறோம்? நம் கவனம் முழுக்க அடுத்து நாம் அடிக்கப்போகும் அடியில் இருப்பதால்.

2004 ஈவோ சண்டை கேம் போட்டியில், பழைய ஸ்ட்ரீட் ஃபைட்டர் III ஆட்டத்தில், ஜஸ்டின் வாங் ஆடிய சுன்-லீ என்ற கேரக்டர் அடித்த சூப்பரை (பலத்த சிறப்பு அடி) டைகோ உமேஹாரா ஒரு உதை விடாமல் பாரி செய்த (சரியான நொடியில் தட்டித் தடுத்த) வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். வேகமான கை என்று எல்லோரும் வியக்கிறார்கள். ஆனால் அந்த சூப்பர் வரும் என்று முன்கூட்டியே காத்திருக்காமல் முதல் உதையைத் தடுத்திருக்க முடியாது. எதிர்பார்த்து நிற்பவருக்குத்தான் கை வேகம் உதவும்.

பயிற்சி இதுதான். டம்மிக்கு (டிரெய்னிங் மோடில் எதிராளியாக நிற்கும் கேரக்டர்) மூன்று செயல்களைத் தனித்தனியாக ரெக்கார்ட் செய்யுங்கள்: முன்னும் பின்னும் நடப்பது, ஹடோக்கென், முன்பக்கம் குதித்து உதைப்பது. மூன்றும் மாறி மாறி வரும்படி ரேண்டமில் ஓடவிடுங்கள். ஹடோக்கென் வந்தால் பிளாக் (தடுப்பு), குதித்தால் ஷோர்யூக்கென் (மேலே எழும்பி விடும் குத்து). மாடர்னில் முன்பக்கம் அழுத்தி ஸ்பெஷல் பட்டனைத் தட்டினாலே அது வந்துவிடும். கிளாசிக்கில் இன்புட் சிக்குகிறதா? கீழே உட்கார்ந்து ஹெவி பஞ்ச் போதும். ஜம்பை மட்டும் தனியாக வைத்துப் பயிற்சி செய்வதில் அவ்வளவு பயனில்லை. ஜம்ப் வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் யாரும் அடித்துவிடுவார்கள்.

படி 2: பிளாக் செய்த பிறகு என்ன?

எதிராளியின் ஷோர்யூக்கெனை பிளாக் செய்துவிட்டு, அவர் கீழே இறங்கியதும் ஒரு லைட் பஞ்ச் தட்டிவிட்டுத் திருப்திப்படுபவர்கள் நிறைய. பார்க்கவே வயிற்றெரிச்சலாக இருக்கும். அவர் இறங்கும் வரை காத்திருந்து ஹெவி பஞ்சில் ஆரம்பிக்கும் காம்போவை இறக்குங்கள். எதிராளி ஒரு அடியை முடித்து மீளாமல் இருக்கும்போது விழும் அடி பனிஷ் கவுன்டர் ஆகும். அந்த அடியின் சேதமும் 20 சதவீதம் கூடும்.

ஸ்வீப் (காலை வாரிவிடும் உதை) இன்னொரு உதாரணம். ரியூவின் ஸ்வீப்பை பிளாக் செய்தால் அவர் நம்மைவிடப் பத்து ஃப்ரேமுக்கும் மேல் தாமதமாகத்தான் மீள்வார். நேரம் இருக்கிறது, ஆனால் தூரம்? ஸ்வீப்பின் நுனி பட்டால் லைட் பஞ்ச் எட்டாது. டம்மியை ஸ்வீப் அடிக்க வைத்து, அருகில் ஒரு முறை, நுனித் தூரத்தில் ஒரு முறை என எது எட்டுகிறது என்று பாருங்கள். தூரத்தில் முதலில் உட்கார்ந்த மீடியம் கிக்கை முயற்சி செய்யுங்கள். அது பட்டால் தொடர்ந்து ஹடோக்கென்.

எந்த அடியைத் தண்டிக்கலாம் என்று பெரிய அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டாம். டிரெய்னிங் மோடில் ஃப்ரேம் மீட்டரை ஆன் செய்தால் போதும். அடி கிளம்பும் நேரம், படும் நேரம், மீளும் நேரம் மூன்றும் வெவ்வேறு நிறத்தில் தெரியும். ரியூவின் வேகமான லைட் பஞ்ச் 4 ஃப்ரேமில் படும். ஆகவே எதிராளி 4 ஃப்ரேமோ அதற்கு மேலோ தாமதமாக மீண்டு, கை எட்டும் தூரத்திலும் இருந்தால் அது உங்கள் முறை. உங்களை அடிக்கடி தோற்கடிக்கும் இரண்டு மூன்று அடிகளை மட்டும் இப்படிப் பாருங்கள்.

படி 3: டிரைவ் இம்பாக்ட்

டிரைவ் இம்பாக்ட் என்பது எதிராளியின் அடியைத் தாங்கிக்கொண்டே பாயும் பலத்த அடி. இது கிளம்ப 26 ஃப்ரேம், அரை நொடியைவிடக் குறைவு. இரண்டு அடி வரை வாங்கிக்கொண்டே வரும் என்பதால் பட்டன்களைத் தட்டி நிறுத்த நினைக்காதீர்கள். பதிலுக்கு நீங்களும் டிரைவ் இம்பாக்ட் போடுங்கள், பக்கத்தில் இருந்தால் த்ரோவும் (பிடித்து எறிவது) செய்யலாம். இதையும் படி 1 போலவே ரேண்டமில் கலந்துவிட்டுப் பழகுங்கள். முக்கியமாக, மூலையில் மாட்டியிருக்கும்போது உங்கள் டிரைவ் கேஜ் (இம்பாக்ட் போன்றவற்றுக்குச் செலவாகும் பட்டை) காலியாகி பர்ன்அவுட்டில் இருந்தால், எதிராளியின் இம்பாக்டை பிளாக் செய்தாலே ஸ்டன் ஆகி, சிறிது நேரம் அசைய முடியாமல் நின்றுவிடுவீர்கள். அதனால் கேஜை முதல் பத்து நொடியில் கரைத்துவிடாதீர்கள்.

படி 4: தோற்ற ரீப்ளேயைப் பாருங்கள்

ஜெயித்ததை விடுங்கள். தோற்ற ஆட்டத்தில் உங்கள் ஹெல்த் பெரிதாகக் குறைந்த ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, காரணத்தை ஒரே சொல்லில் குறித்துக்கொள்ளுங்கள்: ஜம்ப், த்ரோ, இம்பாக்ட், ஸ்வீப். சில ஆட்டங்களிலேயே ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். அடுத்த வாரப் பயிற்சி அது மட்டும்தான். அந்த வாரம் ரேங்க் புள்ளி குறைந்தாலும் மாற்ற வேண்டாம். பட்டியலில் அந்தச் சொல் அரிதானதும் அடுத்ததற்குப் போகலாம். காம்போ பயிற்சிக்கு அப்போது நேரம் ஒதுக்குங்கள்.