மெல்க் மடாலயம்: முதல் தடவை போகிறவர்களுக்கு

ஆஸ்திரியாவில், டானூப் ஆற்றோரப் பாறைக் குன்றின் மேல் மஞ்சள் நிறத்தில் நீண்டு கிடக்கிறது மெல்க் மடாலயம். 1089-இல் வந்த பெனடிக்ட் சபைக் கிறிஸ்தவத் துறவிகள் இன்றும் இங்கேதான் இருக்கிறார்கள். நாம் பார்க்கும், பரோக் என்ற ஆடம்பர அலங்காரப் பாணிக் கட்டடத்தின் வேலை 1702-இல் தொடங்கியது.

முதலில் நாள் பாருங்கள். குளிர்காலத்தில் தோட்டம் மூடியிருக்கும்; மே முதல் அக்டோபருக்குள் போவது நல்லது. வியன்னாவிலிருந்து காலை ரயிலைப் பிடித்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மெல்க். ஸ்டேஷனிலிருந்து கால் மணி நேர ஏற்றம், நடந்தே போய்விடலாம்.

டிக்கெட் வாங்கியதும் கூட்டம் நேரே அருங்காட்சியகத்துக்குப் போகும். நீங்கள் தோட்டத்துக்குத் திரும்புங்கள். முதல் தடவை நான் அதைக் கடைசிக்கு வைத்தேன். கால் கடுத்து, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுந்ததோடு சரி. அங்குள்ள சிறிய மண்டபத்தை விட்டுவிடாதீர்கள். யோகான் பெர்கல் 1760-களில் தீட்டிய ஓவியங்கள் சுவரில் தொடங்கி கூரைவரை போகின்றன: பனை இனத்து மரங்கள், வண்ணப் பறவைகள், தூரதேசத்து மனிதர்கள். ஐரோப்பியர் கற்பனை செய்த வெப்பநாடு இது. பனைமரம் பார்த்து வளர்ந்த நமக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

அப்புறம் உள்ளே. 196 மீட்டர் நீளத் தாழ்வாரம், அரச குடும்பம் தங்கிய அறைகள் இவற்றை வேகமாகக் கடக்கலாம். பளிங்கு மண்டபத்தில் சுவரை உற்றுப் பாருங்கள். கதவுச் சட்டங்கள்தான் அசல் பளிங்கு, மற்றதெல்லாம் பளிங்கு மாதிரி செய்த சுண்ணப்பூச்சு!

அங்கிருந்து திறந்த மாடம். கீழே ஊரும் ஆறும். அதைத் தாண்டினால் நூலகம், இங்கே அவசரப்படாதீர்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்கள் உள்ள சேகரிப்பு. அலமாரிகளில் பழுப்புத் தோல் முதுகுகள் ஒரே சீராக மின்னும். அண்ணாந்தால் பால் ட்ரோகரின் கூரை ஓவியம்.

சுழல் படிக்கட்டில் இறங்கினால் தேவாலயம். கண்ணாடிப் பேழைகளில் பட்டும் மணியும் அணிந்த எலும்புக்கூடுகள் இருக்கும். குழந்தைகளோடு போனால் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள்.

இறங்கியதும் ஊருக்குள் மரில்லன் க்னோடல் கேளுங்கள். மாவுக்குள் ஒரு முழு ஆப்ரிகாட், மேலே வறுத்த ரொட்டித்தூள். நம் கொழுக்கட்டைக்குத் தூரத்து உறவு. சூடாகத்தான் வரும், உள்ளே பழம் கொதிக்கும்; ஊதிச் சாப்பிடுங்கள்.